முன்பாரம், பின்பாரம், ரெண்டு இஞ்ச் ஓட்டை

1/
இது நான் ஒரு கேம்பிங் ட்ரெய்லர் கட்டின கதை. கூடவே, இருபது வருஷமா ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு இருக்கற ஒருத்தன் சொந்தப் பொண்டாட்டி பிள்ளையையே பறிகொடுக்க இருந்த கதையும்தான். கொஞ்சம் நீளம். கேரவன், கேம்பிங்னு ஆசை இருக்கறவங்க கடைசி வரை படிங்க. வீட்ல ஜெனரேட்டர் வெச்சிருக்கறவங்க கண்டிப்பா படிங்க.

2/
ஆகஸ்ட் பிறந்தா எங்க தஞ்சை, நாகை பக்கம் ரோட்டோரம் பூரா காவி உடுத்தின கூட்டம் நடந்து போகும். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். சென்னையிலேர்ந்து வர்றவங்க 300 கிலோமீட்டருக்கு மேல நடக்கறாங்க. பாதத்துல கொப்புளம், தொடையில உரசல் புண், வெயில்ல மயக்கம். சர்க்கரைக்காரங்களுக்கு காலுல ஆணி குத்தினதே தெரியாது.

வருஷா வருஷம் ரெண்டு மூணு நாள் ரோட்டோரம் டேபிள் போட்டு உக்காருவேன். பகல்ல மருந்துப்பெட்டி, ராத்திரி படுக்கை, ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஜீப்புக்குப் பின்னால இழுக்கற வண்டி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு.

3/
ட்ராக்டர் ட்ரெய்லர் கட்டற பட்டறைக்குப் போனேன். எழுபது வயசு பெரியவர். நான் செல்போன்ல காட்டின ஆஸ்திரேலியா வண்டிப் படத்தை எல்லாம் பொறுமையா பாத்துட்டு, “டாக்டர் தம்பி, படம் இருக்கட்டும். எந்த வழியில இழுக்கப் போறீங்க?” ன்னார்.

நல்ல கேள்வி. நம்ம டெல்டாவுல ஆஃப்ரோடுன்னா பாறை, மலை கிடையாது. வாய்க்கால் கரை, களிமண், கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பு மணல். மழை பெஞ்சா களிமண் சக்கரத்தைப் பிடிச்சுக்கும்.

4/
அதனால முடிவானது இது. ட்ரெய்லர் சக்கரங்களுக்கு இடையில உள்ள அகலம் ஜீப்போட அகலமேதான். அப்பதான் ஜீப் போட்ட தடத்துலேயே அதுவும் வரும், சேத்துல புதுசா ஒரு தடம் வெட்ட வேண்டாம். டயரும் ஜீப் டயரே. ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகும். கடல் உப்புக் காத்து இரும்பைத் தின்னுடும்னு சேசிஸ் முழுக்க கால்வனைசிங். 60 லிட்டர் தண்ணி டேங்க் ஆக்சிலுக்கு நேர் மேல, தாழ்வா. தண்ணி 60 கிலோ ஆச்சே, அது எங்க உக்காருதுங்கறது முக்கியம்.

(பட்டறையில கட்டி அப்படியே ரோட்டுல இறக்கிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லருக்கும் பதிவு வேணும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுடுங்க.)

5/
முதல் ஓட்டம். 60 கிலோமீட்டர் வேகம் தாண்டினதும் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சுது. ஜீப்பையே இழுத்து ஆட்டுது. வேகத்தை மெல்லக் குறைச்சு ஓரம் கட்டினப்ப எனக்குக் கை நடுங்கிச்சு.

பெரியவர் ஒரே வார்த்தையில சொன்னார்: “பின்பாரம்.”

மாட்டுவண்டி ஓட்டினவங்களுக்கு இது தெரியும். பின்னால பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கும். முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்தை அழுத்தும். அளவா முன்பாரம் இருந்தாதான் வண்டி நேரா போகும். ட்ரெய்லருக்கும் இதே கணக்குதான். மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் இழுக்கற கொக்கி மேல உக்காரணும்.

கிளினிக்ல இருந்த எடை மெஷினைக் கொண்டுபோய் ட்ரெய்லர் மூக்குக்கு அடியில வெச்சோம். வண்டி மொத்தம் 600 கிலோ. மூக்குல இருந்தது வெறும் 25. குறைஞ்சது 60 இருக்கணும்.

6/
பின்னால மாட்டியிருந்த ஜெனரேட்டரையும் ஸ்டெப்னியையும் கழட்டி முன்பக்கம் மாத்தினோம். மூக்குல 75 வந்துச்சு. நெளியல் நின்னுது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜெனரேட்டர் ஒயர் உள்ள போக முன் தகட்டுல ரெண்டு இஞ்ச் ஓட்டை போட்டோம். அதுக்கு ரப்பர் அடைப்பு வாங்கணும்னு சொன்னவன் நான். மறந்தவனும் நான்தான்.

7/
2024 டிசம்பர்ல கேரளா வடகரையில ரோட்டோரம் நிறுத்தின கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தது ஞாபகம் இருக்கா? ஜெனரேட்டர் புகை, கார்பன் மோனாக்சைடு. 2020 ஜனவரியில நேபாளம் தாமன்ல கேரளக் குடும்பங்கள்ல எட்டுப் பேர். கேஸ் ஹீட்டர் போட்டு அறையை அடைச்சுப் படுத்தாங்க. ரெண்டு செய்தியும் நான் படிச்சதுதான். “நம்ம ஜெனரேட்டர் வெளியிலதானே இருக்கு”ன்னு நெனச்சவன்தான்.

8/
போன ஆகஸ்ட். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. நான், மனைவி, பொண்ணு. ராத்திரி தூறல் போட்டதால ஜன்னல் தட்டியை இறக்கிட்டோம். ஃபேனுக்காக ஜெனரேட்டர் ஓடுது.

ஒரு மணி இருக்கும். “ஏங்க, தலை ரொம்ப வலிக்குது”ன்னு மனைவி எழுப்பினா. எனக்கும் லேசா பாரமாத்தான் இருந்துச்சு. நான் செஞ்சது என்ன தெரியுமா? பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டினேன். 98 காட்டுச்சு. “வெயில்ல நின்னது. ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் படு”ன்னேன்.

கொஞ்ச நேரத்துல பொண்ணு எழுந்து வாந்தி எடுத்தா. அப்பதான் பொறி தட்டிச்சு. ஒரே இடத்துல படுத்த மூணு பேருக்கும் ஒரே நேரத்துல தலைவலியா?

9/
கதவை உதைச்சுத் திறந்து ரெண்டு பேரையும் வெளியில இழுத்தேன். பொண்ணுக்குக் கால் நிக்கல. ஜெனரேட்டரை நிறுத்திட்டு, தோப்புக்காரரை எழுப்பி, அவர் வண்டியிலேயே மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாஸ்க் வெச்சு ஆக்ஸிஜன். விடியறதுக்குள்ள பொண்ணு “பசிக்குதுப்பா”ன்னு சொன்னா. அந்த வார்த்தையைக் கேட்டதும் வராண்டாவுல போய் உக்காந்து அழுதேன்.

10/
இப்ப டாக்டரா பேசறேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிக்கறதைவிட சுமார் 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். ஆக்ஸிஜனுக்கு இடம் இருக்காது.

சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மோனாக்சைடு பிடிச்ச ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் பிடிச்சதுன்னே எண்ணிக்கும். 98 காட்டினாலும் ஆள் மூச்சுத்திணறிச் சாகலாம். இது பாடப்புத்தகத்துல இருக்கு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். என் வீட்டுக்குள்ள வந்தப்ப மறந்துட்டேன்.

சாதாரணக் காத்துல இது ரத்தத்துலேர்ந்து பாதி குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். அதனால வெளியில வந்தா போதும்னு உக்காந்துடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

11/
ஞாபகம் வெச்சுக்க வேண்டியது:

ஒரே கூரைக்குள்ள ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், தலைசுத்தல் வந்தா முதல்ல எல்லாரும் வெளியில வாங்க. காரணத்தை அப்புறம் யோசிக்கலாம்.

ஜெனரேட்டர் கதவு, ஜன்னலைவிட்டு 20 அடியாவது தள்ளி இருக்கணும். புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பாக்கணும். திண்ணை, மாடிப்படி அடி, கார் ஷெட் எதுவும் “வெளியில” கிடையாது. அடுத்த புயலுக்குக் கரண்ட் போகும்போது இதை நெனைச்சுக்குங்க.

கரி அடுப்பு, கேஸ் அடுப்பை அணைக்காம உள்ள வெச்சுத் தூங்காதீங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரம்னே கடையில கிடைக்குது. என் ஆக்ஸிமீட்டரைவிட அது புத்திசாலி.

12/
ஊருக்கு வந்ததும் முதல்லயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 12 வோல்ட் ஃபேன் 30 வாட். ராத்திரி பத்து மணி நேரம் ஓடினா 300 வாட் அவர். 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியில 1,200 இருக்கு. கூரையில 200 வாட் சோலார் தகடு. அவ்வளவுதான். அந்த வண்டிக்கு ஜெனரேட்டரே தேவைப்பட்டிருக்காது.

பேட்டரியை முன்னாலயே வெச்சோம், முன்பாரத்துக்காக. பெரியவர் அந்த ஓட்டை மேல தகடு வெச்சு வெல்டிங் அடிச்சுட்டு, “இதை நான் அன்னிக்கே கேட்டிருக்கணும் தம்பி”ன்னார். அவர் மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னேன். ஒத்துக்கல.

இந்த ஆகஸ்ட்டும் போறேன். பொண்ணும் வர்றேன்னு சொல்லிட்டா. ஆனா படுக்கறதுக்கு முன்னாடி அலாரத்தை அவதான் அமுக்கிப் பாப்பாளாம்.

நடந்து வர்றவங்க காலுக்கு மருந்து வேணும்னா வண்டியில தட்டுங்க. ஜன்னல் திறந்தேதான் இருக்கும்.

இதைத் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க.