ஜீப்புக்கு மூச்சுத் திணறல்!

எனக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததை உடனே செய்து பார்க்கும் வியாதி. ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன் ஃபைலோடு நிற்க வேண்டும். நான் நின்றதில்லை. மிக்ஸியைப் பிரித்துச் சேர்த்தபோது நாலு திருகாணி மிச்சம். ‘மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தானே’ என்றேன். என் மனைவி சிரிக்கவில்லை.

மிக்ஸியோடு போயிருந்தால் பரவாயில்லை. மச்சினனின் ஜீப்பில் கை வைத்தேன்.

மச்சினனுக்குக் கல்வராயன் மலை அடிவாரத்தில் வீடு. இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறான். மரவள்ளிக் கிழங்கு, புளி மூட்டை, சந்தைக்குப் போகிறவர்கள் என்று வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடை அடிப்பான். அவன் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஜீப்பால்தான்.

போன வருஷம் அதற்கு ஒரு சீக்கு வந்தது. ஆயில் கசிவு. டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிந்தது, மாற்றினான். கிராங்க் ஆயில் சீலில் கசிந்தது, மாற்றினான். பத்து நாளில் மறுபடியும் கசிந்தது. நிறுத்தின இடமெல்லாம் கறுப்புக் கோலம்.

“எஞ்சினை இறக்கணும்ங்கிறாங்க மாமா. அவ்ளோ பணத்துக்கு எங்க போறது?” என்றான் மச்சினன்.

விட்டேனா நான்? ராத்திரி பூரா கைபேசியில் தேடினேன். விஷயம் பிடிபட்டது. எஞ்சினில் டீசல் எரியும்போது, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே இறங்கிவிடும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்களே, அதுதான். ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் அந்தப் புகை சேரச் சேர, உள்ளே அழுத்தம் ஏறும். ஏறின அழுத்தம் சும்மா இருக்குமா? சீல், பேக்கிங் என்று கிடைத்த சந்தில் ஆயிலை வெளியே தள்ளும்.

அப்போதுதான் அமெரிக்கா குறுக்கே வந்தது. அங்கே 1966 மாடலிலிருந்து கலிபோர்னியாவில் விற்ற கார்கள் பலவற்றில் ஒரு காற்றுப் பம்பு வைத்தார்கள். பெல்ட்டில் சுற்றும். சுத்தமான காற்றை இழுத்து, எஞ்சினின் புகை வெளியேறும் வாயில் ஊதும். எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் அங்கே எரிந்துவிடும், புகை விஷம் குறையும். (நம் ஊர் பைக்குகள் பலவற்றில் எஞ்சின் தலையில் ஒரு ரப்பர் குழாய் போகிறதே, பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இதே வேலைக்குத்தான். என்ன, பம்பு கிடையாது.)

அந்த ஊர் ரேஸ்காரர்கள் விடுவார்களா? பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் அந்தப் பம்பை எடுத்து, ஊதுகிற வாயை விட்டுவிட்டு, உறிஞ்சுகிற வாயை எஞ்சின் மூடியில் மாட்டினார்கள். பம்பு கிராங்க் கேஸில் இருக்கும் புகையை இழுத்து வெளியே தள்ளும். உள்ளே வெற்றிடம். ரிங் நன்றாகப் படியும், ஆயில் கசியாது, கொஞ்சம் இழுவையும் கூடும். புகையைக் குறைக்க வந்த பம்பு, வேகத்தைக் கூட்டப் போய்விட்டது!

மச்சினன் ஜீப்பில் அந்தப் பம்பு ஏது? ஆனால் வேறொன்று இருந்தது. டீசல் வண்டிகளில் பூஸ்டர் பிரேக்குக்காக ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு வேக்குவம் பம்பு உட்கார்ந்திருக்கும். பம்பு என்றால் பம்புதானே? பிரேக்குக்குப் போகும் ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு டி ஜாயிண்ட் போட்டு, எஞ்சின் மூடிக்கு ஒரு கிளை விட்டேன். கிளைக்கு ஒரு பித்தளை வால்வு. அதை டேஷ்போர்டுக்குக் கீழே, என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். ஏறும்போது திறக்கணும், இறங்கும்போது மூடணும். எவ்வளவு சுலபம்!

“பிரேக்குக்கு ஒண்ணும் ஆவாதே மாமா?”

“நான் பாத்துக்கறேன் மாப்ளே.”

அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டி மலைப்பாதை. வால்வைத் திறந்தேன். ஜீப் பறந்தது. (பறந்தது என் மனசு மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.) வெள்ளிமலையில் மூட்டை ஏற்றினோம், டீ குடித்தோம். பின்னால் அஞ்சு பேர் ஏறினார்கள். இரண்டு பேர் பாட்டிகள், ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தை. இறங்க ஆரம்பித்தோம்.

நான் அமெரிக்க ரேஸ்காரர்களைப் பற்றி மச்சினனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவிலும் பிடித்தது. மூன்றாவதில் மச்சினன் முகம் மாறியது.

“மாமா... பிரேக்கு கல்லாட்டம் இருக்கு!”

நான் வாயடைத்துப் போனேன். அவன் அடைபடவில்லை. இரண்டாவது கியர், முதல் கியர் என்று உறும உறும இறக்கினான். இரண்டு காலாலும் பெடலின்மேல் ஏறி நின்றான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலையோரமாக ஒடித்தான். சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கி, மண்ணில் முட்டி நின்றது. குழந்தை வீறிட்டு அழுதது. அழுகைச் சத்தம் அவ்வளவு இனிமையாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை.

குனிந்து பார்த்தேன். வால்வு திறந்தே இருந்தது.

எப்படியோ சொல்லிவிட்டேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “பின்னாடி அஞ்சு பேரு இருந்தாங்க மாமா” என்றான். அவ்வளவுதான். ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

வால்வை மூடி, எஞ்சினை ஓடவிட்டதும் பெடல் பழையபடி மெத்தென்று இறங்கியது. முதல் கியரிலேயே ஊர்ந்து வந்து சேர்ந்தோம்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய ஷெட்டுக்குப் போனோம். அந்த மெக்கானிக் பாய் வயசானவர். என் டி ஜாயிண்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் சார் செஞ்சது?”

“நான்தான் பாய்.”

“பிரேக் பூஸ்டர்ல ரெண்டு மூணு மிதிக்குத்தான் சார் வேக்குவம் நிக்கும். அப்புறம் பம்பு இழுத்துக் குடுக்கணும். நீங்க வால்வைத் திறந்து விட்டீங்க, பம்பு எஞ்சின் காத்தையே இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. பூஸ்டருக்கு என்னா கெடைக்கும்? சரி, இந்தப் பம்பு இழுத்த காத்தை எங்க விடுதுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பாய் ஒரு தடித்த ஹோஸைத் தொட்டுக் காட்டினார். பம்புக்குள் வழுக்கலுக்கு எஞ்சின் ஆயில் போகிறது. அந்த ஆயிலும் இழுத்த காற்றும் சேர்ந்து திரும்பி வருவது எங்கே தெரியுமா? அதே கிராங்க் கேஸுக்குள்!

அதாவது, வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு, வீட்டுக்குள்ளேயே ஊற்றியிருக்கிறேன். அதற்காக அஞ்சு பேர் உயிரை அடகு வைத்திருக்கிறேன். அமெரிக்கக்காரன் பம்பு காற்றை வெளியே விடும். இது விடாது. அந்த ஒரு வித்தியாசத்தை நான் பார்க்கவே இல்லை.

பாய் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை மேலேயே கவிழ்த்து வைத்தார். மூடி படபடவென்று ஆடித் துள்ளி விழுந்தது. அப்புறம் எஞ்சினுக்கு அடியில் குனிந்து, தரையைப் பார்த்துத் தொங்கும் ஒரு குழாயைத் தடவினார். பிரீத்தர் பைப். எஞ்சின் மூச்சு விடும் மூக்கு. அமெரிக்காவிலும் 1960-களின் தொடக்கம் வரை கார்களுக்கு இப்படித்தான் குழாய் ரோட்டைப் பார்த்துத் தொங்கியது. காரிலிருந்து வெளியேறும் எரியாத பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குழாய் வழியேதான் என்று கண்டுபிடித்த பிறகு, 1961-இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்து அதை எஞ்சினுக்கே திருப்பிவிட்டார்கள்.

பாய் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். கறுப்புக் களிம்பு பிதுங்கியது. கூடவே பொலபொலவென்று செம்மண்.

குளவிக்கூடு!

மச்சினன் தலையில் கை வைத்தான். “சீக்குக்கு முன்னாடி ஒரு மாசம் இன்சூரன்சுக்குப் பணம் இல்லாம வண்டியை நிறுத்தி வெச்சிருந்தேன் பாய்.” அந்த ஒரு மாசத்தில் ஒரு குளவி குடித்தனம் வந்திருக்கிறது. ஏற்கெனவே பாதி அடைத்திருந்த களிம்பு, மீதிக்குக் குளவி மண். மூச்சு விட வழியில்லாத எஞ்சின் ஆயிலைக் கக்கியிருக்கிறது.

குழாயை மண்ணெண்ணெயில் அலசி மாட்டினார். மறுபடி மூடியைக் கவிழ்த்தார். லேசாக நடுங்கியதே தவிர, விழவில்லை. “ரிங் கொஞ்சம் தேஞ்சிருக்கு. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்” என்றார். வெட்டின ஹோஸுக்குப் பதில் புது ஹோஸ் போட்டார். ஹோஸ் விலை போக, கூலியாக வாங்கியது ஐம்பது ரூபாய். மச்சினன் நூறு கொடுத்தும் வாங்கவில்லை.

கிளம்பும்போது என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: “கசியுதுன்னா ஏன் கசியுதுன்னு மொதல்ல கேளுங்க சார். கேக்காம புதுசா ஒண்ணை மாட்டாதீங்க. அதுவும் பிரேக்ல கை வைக்காதீங்க.”

ஜீப் இன்றைக்கும் ஓடுகிறது. மச்சினன் முன்பு போலவே பேசுகிறான். ஆனால் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தால், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

அந்தப் பித்தளை வால்வு? என் மனைவி அதை வீணாக்கவில்லை. கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு மாட்டச் சொல்லிவிட்டாள். தினமும் ராத்திரி நான் படுக்கப் போகும்போது அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்:

“மூடிட்டீங்களா?”

எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.