அப்பா போட்ட கிரீஸ்

எழுதுகிறவன் வீட்டில் பேனாவும் காகிதமும் இருக்கலாம். கிரீஸ் டப்பா எதற்கு என்று சென்ற மாதம் வந்த நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆணி அடிக்கச் சொன்னால் விரலை அடித்துக்கொள்பவன் நான் என்பது சுற்றத்தார் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் அந்த டப்பாவில் இருந்தது கிரீஸ் அல்ல, எண்ணெய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது.

அப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உருவம். முன்பக்கத்து மூடி முழுவதும் முதலை வாய் மாதிரி முன்னோக்கித் திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்களுடையது நான்கு கதவு உள்ளது. அந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்துக்காரருக்கே கிடைக்காதது, சென்னைக்கு மட்டுமே உரியது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

நான் ஐந்து வயதுப் பையனாக இருந்தபோது அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். குமாஸ்தா சம்பளத்தில் அது பெரிய துணிச்சல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நான் கிரீஸ் பீச்சாங்குழலை எடுத்துக் கொடுக்க வேண்டும். "போதுமாப்பா?" என்பேன். "இன்னும் நாலு அமுக்கு. வாய்விட்டுக் கேட்காத பிராணி, நாமதான் பார்த்துப் போடணும்" என்பார். கோயிலில் எண்ணெய்க் காப்புச் சாத்துகிற குருக்களுக்குக் கூட அவ்வளவு சிரத்தை இருக்குமா என்பது சந்தேகம்.

2011-இல் அப்பா காலமானார். வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. அணில் குடித்தனம் நடத்திற்று. பன்னிரண்டு வருஷம் கழித்து அம்மா திடீரென்று ஒருநாள், "தாராபுரத்துல உங்க மாமன் பேத்திக்குக் கல்யாணம் வருது. அப்பா வண்டியிலே ஒருதரம் போயிட்டு வந்துடணும் கண்ணு" என்றாள். எழுபத்தாறு வயதுக்காரி. எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். நான் உடனே சரி என்றுவிட்டேன்.

என்ஜின் கிளம்பிவிட்டது. வம்பு முன்சக்கரத்தில் வந்தது. ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்க நெட்டுக்குத்தாக ஓர் எஃகுத் தண்டு இருக்கும். அதன் அடிமுனையில் மரை. அந்த மரை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த வெண்கலத்துக்குள்ளே சற்று ஏறும், சற்று இறங்கும். ஒரு சக்கரத்துக்கு வலம்புரி மரை, மறு சக்கரத்துக்கு இடம்புரி மரை. வெண்கலக் கட்டிக்கு டிரன்னியன் என்று பெயர். எங்கள் வண்டியில் இடது பக்கத்து டிரன்னியன் தேய்ந்து, சக்கரம் ஆடும் பல் போல ஆடிற்று.

கோயமுத்தூரில் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு லேத் ஓடுகிற சத்தம் கேட்கும். எங்கள் தெருக்கோடியிலேயே ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோரும் அவரை லேத்துக்காரர் என்றே சொல்வார்கள். பம்பு செட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கொல்லையில், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில், ஆறடி லேத் ஒன்றைப் போட்டிருக்கிறார். பக்கத்தில் துளை போடும் மெஷின், வைஸ் பூட்டிய மேஜை, சுவரில் அளவு வாரியாக அரங்கள். பூஜை அறையில் கூட அப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

அவர் முதலில் மரத்தில் ஓர் அச்சுச் செய்தார். வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்தார். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்குமாம். அச்சை வார்ப்படக்காரரிடம் கொடுத்து வெண்கலத்தில் வார்த்து வாங்கி வந்தார். பிறகு மரை வெட்ட வேண்டும். வண்டி அங்குலக் கணக்கில் பிறந்தது. அவருடைய லேத் மில்லிமீட்டர்க் கணக்கில் பிறந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்க 127 பல் உள்ள ஒரு சக்கரம் வைத்திருக்கிறார். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. பள்ளிக்கூடத்தில் தசம ஸ்தானத்தைக் கண்டு நான் ஓடிய காலத்தில் இப்படி ஒரு சக்கரத்தைக் காட்டியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பேன்.

"தண்டை நல்லாக் கழுவி வெளிச்சத்திலே பார்த்துட்டு அப்புறம் மரை வெட்டலாமுங்க தம்பி" என்றார்.

"கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது ஐயா. பழைய தண்டுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டிவிடுங்கள்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிக் கொடுத்தார். பழைய தண்டு வெண்ணெயில் இறங்குவது போல அதற்குள் இறங்கிற்று. எனக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் காலை அவர் அந்தத் தண்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசி வெயிலில் வைத்தார். சிறிது நேரத்தில் வெள்ளைப் பூச்சின்மேல், மரை தொடங்கும் கழுத்துப் பக்கத்தில், தலைமயிர் அகலத்துக்கு ஒரு கோடு ஈரமாகக் கசிந்தது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே வந்து சாட்சி சொல்லிற்று. அதைச் சுற்றிலும் துரு தின்ற பள்ளங்கள்.

"வெல்டிங் வைத்துவிடலாமா?"

"அது ஆவாதுங்க. வெண்கலம் தேஞ்சா ஆட்டம் காட்டும். நாலு மாசம் முன்னாடியே சொல்லிப்போடும். எஃகு அப்படிச் சொல்லாது. ஒடியறப்பத்தான் தெரியும். உசிரு தாங்கற சாமானை நான் என்ற கொட்டாயிலே ஒட்டுப்போட மாட்டனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. கிழவருக்குப் பயம் என்று நினைத்தேன். தண்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஊருக்குள் வேறொரு பட்டறைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் ஒட்டி, தேய்த்து, பளபளவென்று கொடுத்தார்கள். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. வெற்றி வீரனைப் போல அதைக் கொண்டுவந்து அவருடைய மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "வண்டியிலே யாருங்க வருவாங்க?" என்று கேட்டார்.

"அம்மா."

"ம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "இந்த எடத்துக்கு இத்தனை வருசம் என்ன போட்டீங்க?" என்றார்.

எனக்குப் பெருமை பொங்கிற்று. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். நாலு அமுக்கு அதிகமாகப் போடுவதைச் சொன்னேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை என்றேன்.

"வண்டிப் புஸ்தகம் இருந்தா எடுத்துட்டு வாங்க தம்பி."

ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில், அப்பா பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தேன். உறையைப் பிரித்தாகவே தோன்றவில்லை. அச்சடித்த எதையும் விடாமல் படிப்பவன் என்று பெயர் வாங்கியிருக்கும் நானும் அதைத் திறந்ததில்லை. மசகு போடும் பக்கத்தில், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் கியர் எண்ணெய் போடவேண்டும் என்று இருந்தது.

அவர் விளக்கினார். கிரீஸ் கெட்டியானது, மரையின் இடுக்குகளில் இறங்கி அடிவரை போகாது. வெளியே நிறைய வழிந்து நிற்கும்; பார்ப்பவருக்குத் திருப்தியாக இருக்கும். உள்ளே வெறும் உலோகத்தோடு உலோகம் உரசும். மழைத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். துரு பிடிக்கும். எண்ணெயாக இருந்தால் தானே வழிந்து மூலை முடுக்கெல்லாம் போயிருக்கும்.

நான் பேசாமல் நின்றேன். பீச்சாங்குழலைப் பிடித்த கைகளில் இரண்டு என்னுடையவை. அந்தத் தண்டைத் தின்றது அலட்சியம் என்றிருந்தால் எனக்கு அவ்வளவு துக்கம் இருந்திராது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றிற்றோ, "அக்கறைக்குக் கொறை இல்லீங்க. எண்ணெய்தான் மாறிப் போச்சு" என்றார்.

பளபளவென்று ஒட்டிய தண்டு மேஜைமேல் கிடந்தது. அதையும் அக்கறையோடுதான் கொண்டுவந்திருந்தேன். அம்மாவின் ஆசையை நிறைவேற்ற வேண்டும் என்ற அவசரத்தில், அவள் உட்காரப் போகும் பக்கத்துச் சக்கரத்தில் அதைப் பூட்ட இருந்தேன். வீட்டுக்குப் போய், "கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போய்விடலாம் அம்மா" என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

இங்கிலாந்தில் இந்த வண்டிகளைப் பேணுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் புதிய தண்டுகள் செய்து விற்கிறார்கள். எழுதி வரவழைத்தேன். தபாலிலும் சுங்கத்திலும் ஐந்து வாரம் போயிற்று. வந்த தண்டை எங்கள் புதிய டிரன்னியனுக்குள் திருகினோம். இரண்டு சுற்றுக்கு மேல் நுழையவில்லை!

பழைய தண்டின் மரை தேய்ந்து மெலிந்திருந்தது. அந்த மெலிவுக்குத் தக்கபடி நாங்கள் வெண்கலத்தில் மரையை இறுக்கமாக வெட்டியிருந்தோம். "தேஞ்சதைப் பார்த்துச் செஞ்சா, தேய்மானத்தையும் சேர்த்துச் செஞ்சுபோடுவோம்" என்றார் லேத்துக்காரர். குற்றம் முழுவதும் என்னுடையது. ஆனால் அவர் 'நாம்' என்றே சொன்னார். "நல்லவேளை, சின்னதா வெட்டியிருக்கோம். எடுக்கறது எப்ப வேணா எடுக்கலாம். எடுத்ததை வெக்கத்தான் முடியாது."

டிரன்னியனை மறுபடி லேத்தில் கட்டி, உளியின் முனையைப் பழைய மரைத் தடத்திலேயே கொண்டுபோய்ப் பொருத்த அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு நான்கே ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்திலும் சுரண்டிய வெண்கலம் காகிதக் கனம்கூட இராது. ஐந்தாவது முறை புதிய தண்டு அடிவரை இறங்கிற்று. இத்தனைக்கும் அவர் கேட்ட கூலியைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை.

வைகாசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு தாராபுரம் போய்வந்தேன். கல்யாணம் முடிந்து பெண் புக்ககம் போயிருந்தாள். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, அப்பா எந்தப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காப்பி வாங்கித் தந்தார் என்று காட்டிக்கொண்டே வந்தாள்.

இப்போது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறேன். நண்பர் பார்த்த டப்பாவில் இருப்பது 90-ஆம் நம்பர் கியர் எண்ணெய். சென்ற வாரம் அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"அப்பா போடற மாதிரியேதான் போடறியா கண்ணு?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.