வண்டுக்குக் கீழே ஒரு சீட்டு

டேட்டான்னா நமக்கு எக்செல் ஷீட்தான், இல்லையா? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் போன பிறகு, எனக்கு டேட்டான்னா ஊசி குத்திய வண்டு.

வண்டுக்கு ஊசியை வலது முன்சிறகில்தான் குத்தணும். அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தாலும் இடது பக்கம் முழுசா இருக்கும். பேக்கப் மாதிரி!

ஆனா வண்டை விட முக்கியம், அதே ஊசியில் கீழே இருக்கும் சின்னச் சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது. அது தொலைந்தால் வண்டு வெறும் அலங்காரப் பொருள். நம்ம அம்பத்தூர் ஏரியில் இன்னைக்குப் பறக்கும் தட்டான் நாளைக்குக் காணாமல் போனால், 'இங்கே இருந்தது' என்று சாட்சி சொல்ல அப்படி ஒரு சீட்டு வேணும்.

உங்க ப்ராஜெக்டில் சென்சார் ரீடிங் எடுத்தாலும் சரி, முதல்ல இடமும் தேதியும் எழுதுங்க.