நிரலில் எழுதப்படாத காலம்

புனேயின் மங்கள்வார் பேட்டையில் ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில் சென்ற மாதம் ஒரு பழைய கணினி வாங்கினேன். பென்டியம் மூன்று ப்ராசசர், விண்டோஸ் 98, எல்லாவற்றுக்கும் மேலாக நான் தேடியலைந்த 3.5 அங்குல ஃப்ளாப்பி டிரைவ். தராசில் நிறுக்காத குறையாக, பழைய இரும்பு விலைக்கே கடைக்காரர் தந்தார். சுவடிப் பதிப்பியலில் ஆய்வு செய்பவனுக்கு இந்தப் பெட்டி எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். அன்று ஒரு வரியில் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன்.

1990களின் பிற்பகுதியில் என் தாய்மாமா பாளையங்கோட்டையில் சிறிய கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திவந்தார். மாணவர்களுக்குப் புதிய கணினிகள் வந்தபின் ஒதுக்கப்பட்ட பழைய 286 ஒன்று மூலையில் இருந்தது. 1997 கோடை விடுமுறையில், ஆறு வயதான எனக்காக, மாமா அதில் டர்போ பாஸ்கல் மொழியில் ஒரு விளையாட்டு எழுதினார். பெயர் ‘தேங்காய்’. திரையின் உச்சியிலிருந்து ஒரு வட்ட எழுத்து விழும். அடியில் இரண்டு அடைப்புக்குறிகளால் ஆன கூடையை அம்புக்குறி விசைகளால் நகர்த்தி அதைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது ஹிஞ்சவாடியில் வேலை பார்க்கும் மகளுடன் புனேயிலேயே இருக்கிறார். பேச்சு திரும்பிவிட்டது. வலக்கை விரல்கள் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுங்கள் என்பது மருத்துவர்களின் அறிவுரை. களிமண் உருண்டையை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போன மாமா, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் கிளறி அந்த ஃப்ளாப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார். “ஓடுதான்னு பாருலே, மருமவனே” என்றார்.

ஃப்ளாப்பி படிக்கக் கிடைத்ததே பெரும்பேறு. ஓடும் கோப்பும், மாமா கைப்பட எழுதிய மூலநிரலும் அதில் பழுதின்றி இருந்தன. முதலில் என் மடிக்கணினியில் முயன்றேன். 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் நிரல்களை ஏற்பதேயில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு ஜூனா பஜார் கணினியில் இட்டேன். அது உள்ளே விட்டது. ஆனால் தொடங்கிய கணமே ‘பிழை 200: பூஜ்யத்தால் வகுத்தல்’ என்று அறிவித்து நின்றது.

மாமாவின் நிரலை வரிவரியாகப் படித்தேன். வகுத்தல் குறியே அதில் எங்கும் இல்லை. கணேஷ்கிண்ட் வளாகத்தில் வானியல் படிக்கும் மராத்திய நண்பர்தான் முடிச்சை அவிழ்த்தார். டர்போ பாஸ்கலில் வண்ணம், விசை, இடைநிறுத்தம் முதலியவற்றுக்காகச் சேர்க்கும் ‘சிஆர்டி’ என்ற துணைநிரல் தொடக்கத்திலேயே கணினியின் வேகத்தை அளக்கிறது. கணினியின் கடிகாரம் நொடிக்கு ஏறக்குறைய 18.2 முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கு 55 மில்லிநொடி. அந்த இடைவெளியில் ஒரு சிறு சுழற்சியை எத்தனை முறை ஓட்ட முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து, விடையை 16 பிட் இடத்தில் வைக்கும். அந்த இடத்தில் 65,535க்கு மேல் கொள்ளாது. ஒரு துடிப்பில் எண்ணிக்கை சுமார் 36 லட்சத்தைத் தாண்டினால் விடை வழிந்துவிடுகிறது. விடை கொள்ளாத வகுத்தலுக்கும் பூஜ்யத்தால் வகுத்தலுக்கும் ப்ராசசர் எழுப்பும் எச்சரிக்கை ஒன்றே. ஆகவே வேகம் மிகுந்த குற்றத்துக்குப் பூஜ்யத்தின் பெயரில் தண்டனை. கணினிகள் ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைக் கடந்த 1990களின் இறுதியில், உலகெங்கும் டர்போ பாஸ்கலில் எழுதிய எண்ணற்ற நிரல்கள் இப்படித்தான் ஒரே காலத்தில் நின்றுபோயின.

இதற்கு அக்காலத்திலேயே ஒட்டுநிரல்கள் வந்துவிட்டன. நண்பர் ஒன்றைத் தேடிப் போட்டார். விளையாட்டு ஓடியது. ஓடியது என்பதைவிட முடிந்தது என்பதே சரி. தேங்காய் விழுவதைக் கண் காணும் முன்பே ‘ஆட்டம் முடிந்தது’ என்று திரை சொன்னது.

காரணம் மூலநிரலிலேயே இருந்தது. தேங்காய் ஒரு வரி இறங்கியதும், ஒன்று முதல் 30,000 வரை எதுவும் செய்யாமல் எண்ணும் ஒரு வெற்றுச் சுழற்சி. அதைப்போல அடுத்தடுத்து மூன்று. அம்மொழியின் இன்டிஜர் 32,767க்கு மேல் எண்ணாது என்பதால் 90,000ஐ மூன்றாகப் பிரித்திருக்கிறார் மாமா. இவ்வளவு நேரம் பொறு என்று அவர் எங்கும் எழுதவில்லை. இவ்வளவு எண்ணு என்றுதான் எழுதியிருக்கிறார். எண்ணி முடிக்க ஆகும் நேரத்தை அந்த 286 கொடுத்தது. விளையாட்டின் காலம் நிரலில் இல்லை, பெட்டியில் இருந்தது. பெட்டி போனதும் காலமும் போய்விட்டது.

சுவடி படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். எழுதாமல் விட்டதைப் படிப்பவன் அறிவான் என்ற நம்பிக்கையில்தான் அந்த எழுத்துமுறையே நடந்தது. அந்தப் பயிற்சி அறுந்துபோன தலைமுறையின் கையில் ஏடு கிடைக்கும்போது, ஓலையில் ஓர் எழுத்தும் சிதையாதிருந்தும் நூல் சிதைந்திருக்கும். மாமாவின் ஃப்ளாப்பியில் ஒரு பைட்டும் கெடவில்லை. ஆயினும் விளையாட்டு அங்கே இல்லை.

இந்தச் சிக்கலில் மாமா தனியர் அல்லர். 1990இல் வெளிவந்த விங் கமாண்டர், தன் காலத்துக் கணினிகளின் வேகத்தை நம்பி எழுதப்பட்டது. சில ஆண்டுகளில் வந்த விரைவான கணினிகளில் அதன் விண்கலங்கள் ஆட முடியாத வேகத்தில் பறந்தன. மாறாக, 1989இன் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கடிகாரத் துடிப்பைப் பார்த்து நடப்பது. இளவரசியை மீட்க அது தரும் 60 நிமிடம் எந்தக் கணினியிலும் 60 நிமிடமே. முதல் ஐபிஎம் பிசி 1981இல் 4.77 மெகாஹெர்ட்ஸில் வந்தது. பின்னர் வந்த வேகமான நகல் கணினிகளில் பழைய நிரல்களுக்காகவே முகப்பில் ஒரு பொத்தான் வைத்தார்கள். பெயர் ‘டர்போ’, பயனோ வேகத்தைக் குறைப்பது. மாமாவின் 286இலும் அது உண்டு. அமுக்கியிருந்தால் 16 மெகாஹெர்ட்ஸ், விடுவித்தால் 8. நான் தேங்காய்களைத் தவறவிட்டு அழும்போதெல்லாம் மாமா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அந்தப் பொத்தானை விடுவிப்பார். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இனி என்ன செய்வது என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபட்டது. “மூன்று சுழற்சிகளையும் நீக்கிவிட்டு, இத்தனை மில்லிநொடி பொறு என்று ஒரே கட்டளை எழுது. இரண்டு நிமிட வேலை” என்றார் அவர். என் பயிற்சி இதற்கு இடந்தரவில்லை. இந்நகரின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில்தான் மகாபாரதத்தின் செம்பதிப்பு 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுற்றது. 1925இல் அப்பணியின் பொறுப்பேற்ற வி. எஸ். சுக்தங்கர் வகுத்த நெறிகளில் ஒன்று, பாடத்தைத் திருத்துவதைவிட அதை விளங்கிக்கொள்ள முயல்வதே மேல் என்பது. புரியவில்லை என்பதற்காகத் திருத்தினால், எதிர்காலத்தில் புரிந்துகொள்ளக்கூடியவனின் வாய்ப்பையும் பறித்துவிடுகிறோம். நிரலைத் தொடமாட்டேன் என்றேன். “உன் மாமாவுக்கு வேண்டியது விளையாட்டு. பாடபேத அடிக்குறிப்பு அல்ல” என்று நண்பர் சிரித்தார். அந்தச் சொல் தைத்தது.

நிரலைத் தொடாமலேயே ஆட வழியுண்டு. 2002 முதல் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், புதிய கணினிக்குள் ஒரு பழைய டாஸ் கணினியை நடித்துக்காட்டுகிறது. நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் டர்போ சி-யின் நீலத்திரையைப் பார்த்த பலர் அறிந்தோ அறியாமலோ அதன் வழியாகவே பார்த்திருப்பார்கள். இன்று விலைக்குக் கிடைக்கும் பழைய டாஸ் விளையாட்டுகள் பலவும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. மில்லிநொடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்றுவது என்பதை அதில் நாமே வைக்கலாம். கன்ட்ரோலுடன் எஃப்11ஐ அமுக்கினால் அந்த எண் குறையும், எஃப்12 கூட்டும். சுமார் 2,500இல் வைத்தபோது தேங்காய் நான் அறிந்த வேகத்தில் விழுந்தது. ஒட்டுநிரலும் தேவைப்படவில்லை. பொறியின் வேகம் குறைந்ததும் பிழை 200 தானாகவே மறைந்தது.

மறுநாள் மடிக்கணினியுடன் மாமா வீட்டுக்குச் சென்றேன். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வலக்கையைத் தூக்கி விசைகளின்மேல் வைத்தார். முதல் தேங்காய் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பத்தில் ஒன்றைக்கூட அவரால் பிடிக்க இயலவில்லை. அவர் எதுவும் பேசவில்லை. நானும் பேசாமல் கையை நீட்டி, கன்ட்ரோலையும் எஃப்11ஐயும் சில முறை அமுக்கினேன். தேங்காய் தயங்கித் தயங்கி இறங்கத் தொடங்கியது. நான்காவது முயற்சியில் ஒன்று கூடையில் விழுந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “டர்போவை எடுத்துவிட்டுட்டியோ?” என்றார்.

மூலநிரலைக் காட்டி, ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அந்த மூன்று சுழற்சிகளையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது நான் எதிர்பாராதது. “எதுக்குல இதை அப்படியே வச்சிருக்கே? ‘டிலே’ன்னு ஒரு கட்டளை இருக்கு. அப்பமே போட்டிருக்கணும். பேசிக்கில பழகின பழக்கம், சுழற்சியை எழுதித் தள்ளிட்டேன்.” டர்போ பாஸ்கலைத் திறக்கச் சொல்லி, மூன்று சுழற்சிகளையும் அழித்து, ‘டிலே’ என்ற சொல்லை வலக்கையின் ஒற்றை விரலால் தேடித்தேடி அடித்தார். அடைப்புக்குள் என்ன எண் போட என்று கேட்டேன். சற்று யோசித்து 200 என்றார்.

நான் காத்துநின்ற பாடத்தை ஆசிரியரே திருத்திவிட்டார். பதிப்பியலில் இதற்கும் இடமுண்டு: ஆசிரியர் தம் வாழ்நாளில் செய்த திருத்தம் தனிப் பதிப்பு. அதற்காக முதற்பதிப்பை அழிப்பதில்லை. ஆகவே இப்போது இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்று 1997இன் தேங்காய், அது ஓடிய கணினியின் விவரம், டாஸ்பாக்ஸில் வைக்க வேண்டிய எண் ஆகிய குறிப்புகளுடன். மற்றொன்று இவ்வாண்டின் தேங்காய். முதலாவதில் காலம் பொறியைச் சார்ந்தது. இரண்டாவதில் அது மில்லிநொடியாக நிரலிலேயே எழுதப்பட்டுள்ளது. நண்பர் சொன்னதும் சரி, நான் பிடிவாதம் பிடித்ததும் சரி என்று இப்போது தோன்றுகிறது. இரண்டும் ஒரே கோப்பில் இருக்க முடியாது என்பது மட்டுமே நாங்கள் இருவரும் காணத் தவறியது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியிலும் துறை அறையிலும் பழைய ஃப்ளாப்பிகள் இருக்கலாம். யாரோ ஒருவர் கோடை விடுமுறையில் எழுதிய விளையாட்டோ, ஆய்வேட்டுக்காக எழுதிய கணக்கீட்டு நிரலோ அவற்றில் இருக்கலாம். படியெடுக்கும்போது கோப்பை மட்டும் எடுக்காதீர்கள். எந்தக் கணினி, என்ன வேகம், எந்த மொழியின் எந்தப் பதிப்பு என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். எழுதியவர் இருந்தால், எப்படி ஓடியது என்று அவரிடமே கேளுங்கள். சுவடிகளைப் பொறுத்தவரை, கேட்க ஆளிருந்த காலத்தை நாம் தவறவிட்டவர்கள்.

நேற்று ஞாயிறு. போனபோது மாமா நிரலைத் திறந்து வைத்திருந்தார். அடைப்புக்குள் 180 என்று இருந்தது.