பதவி போயிற்று, கை போயிற்றா?

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது பழைய வாக்கு. அந்த உத்தியோகம் கிடைத்த ஐந்தாம் மாதத்திலேயே பறிபோனால் என் செய்வது என்பதை அவ்வாக்குச் சொல்லவில்லை. பெண்மக்களுக்கும் உத்தியோகம் உரியதாகிவிட்ட இக்காலத்தில், அவ்வினாவை எம்முன் கொணர்ந்தவள் எமது பழைய மாணவி ஒருத்தி.

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஞாயிறு மாலை, உவர்மலையிலுள்ள எமது இல்லத்துக்கு அவள் தாயாருடன் வந்தாள். கொழும்பில் ஒரு ஸ்தாபனத்தில், ஆடைகளில் அச்சிடுவதற்குரிய கோலங்களைக் கணினியில் வரைவது அவள் பணி. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திற்று. மறு ஆண்டில் ஆடை ஏற்றுமதியும் வீழ்ந்தது. புதுக் கோலங்கள் இனி வேண்டாம் என்று அந்த ஸ்தாபனத்தில் முடிவாயிற்று. கடைசியாகச் சேர்ந்தவள் முதலாவதாக வெளியேற நேர்ந்தது. வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் அவளுக்கு உதவவில்லை. முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களேனும் வேலை செய்தவர்க்கே அதன் பாதுகாப்பு உண்டு.

“சேர், நான் இதைப் படித்ததே பிழையோ?” என்றாள்.

அக்கேள்வி எம்மைச் சுட்டது. சித்திரத்தில் அவளுக்கிருந்த கைத்திறனைக் கண்டு அப்படிப்புக்குச் சிபாரிசு செய்தவர்களே நாம்தாம். “அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கோ சேர்” என்றார் தாயார். குற்றமுள்ள மனம் அஞ்சிற்று. “அம்மா சொல்வதே சரி, பிள்ளை” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. எமது அப்பப்பாவின் நினைவே வந்துகொண்டிருந்தது.

பிரித்தானியர் காலத்தில், உள்துறைமுகத்துக் கடற்படைத் தளத்தின் வரைபடக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். மூலப்படத்தின்மேல் மெல்லிய துணியை விரித்து, மையினால் கோடு பிசகாமல் நகலெடுப்பது அவர் தொழில். 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. தேசத்துக்கு அது பெருமிதமான நாள். ஆனால் தளத்தின் வேலைகள் சுருங்கவே, இரண்டு வருட சேவையோடு அப்பப்பா வீடு திரும்பினார். முந்திய ஆண்டுதான் சிங்களம் அரச கரும மொழியாகியிருந்தது; தமிழ் இளைஞருக்கு அரசாங்கக் கதவும் ஒருக்களித்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமோ 1958இல்தான் வந்தது.

அவர் தமது மைக்கோல்களையும் கவராயத்தையும் மூலைமட்டத்தையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டு மூடினார். இரண்டு வருடம் அதைத் திறக்கவில்லை. துரைமார் பார்வையிட்ட கைவேலையைக் கண்டவருக்கும் செய்வதா என்ற ரோஷம். அப்பம்மாவின் காப்புகள் அடகுக் கடைக்குப் போயின. பிறகொருநாள், காணிப் படங்களைத் துப்புரவாக நகலெடுக்க ஆள் தேடி ஒரு நில அளவையாளர் வந்தார். அப்பப்பா வாய் திறக்குமுன் அப்பம்மா தகரத்தைத் திறந்து அவர் முன் வைத்தாராம். அதன்பின் முப்பது வருடம், காணி உறுதிகளோடு சேரும் படங்களை வரைந்தே அவர் குடும்பத்தைக் காத்தார். “வேலையைப் போக்கியது காலம்; அந்த இரண்டு வருடத்தைப் போக்கியது நான்” என்பார்.

அதே 1957இல்தான், சட்டத்தரணியாயிருந்த ஜெப்ரி பாவா தம் முப்பத்தெட்டாம் வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். ஆனால் அவர் செல்வக் குடியிற் பிறந்தவர். அவருக்கிருந்த அவகாசம் எம்மவர்க்கு வாய்ப்பதில்லை. ஆதலின் பாதை மாறுவோர் நாட்களையும் எண்ணியே மாறவேண்டும்.

அடுத்த ஞாயிறு நாமே அவள் வீட்டுக்குச் சென்றோம். அவசரத்தில் சொன்ன புத்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மூன்று கேள்விகள் கேட்டோம். போன வேலையில் ஸ்தாபனத்துக்கு உரியது எது, உன் கைக்கு உரியது எது? அக்கைவேலை இவ்வூரில் யாருக்கு வேண்டும்? எத்தனை மாதம் இவ்வீடு பொறுக்கும்?

முதலாவதற்கு, “அளவு பிசகாமல் வரைவேன், சேர், நிறமும் தெரியும்” என்றாள். இரண்டாவதற்கு நெடுநேரம் யோசித்தாள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீடுகளும் விடுதிகளும் எழுகின்றன. உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிக்கு ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். மூன்றாவதற்குத் தாயாரே விடை சொன்னார்: “ஒரு வருஷம், சேர். அதற்குமேல் ஏலாது.”

அவ்வொரு வருடத்துக்குள் கட்டடப் படம் வரையும் பயிற்சியை முடித்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் பெற்றாள். தாயார் மனம் ஆறும்படி அரசாங்கப் பரீட்சையும் எழுதினாள், அதில் தேறவில்லை. இன்று இங்கேயே ஒரு கட்டட வரைஞரிடம் வேலை செய்கிறாள். சம்பளம் கொழும்பிற் பெற்றதிலும் குறைவு. ஆடைக் கோலங்களை இரவில் வரைகிறாள். சிலவேளை யாரேனும் வாங்குகின்றனர். இதுவே முடிந்த முடிவென்று அவளும் சொல்லவில்லை, நாமும் சொல்லோம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. வேலை இழந்து வந்த பிள்ளையைச் சில நாள் அழ விடுங்கள். அயலவர் கேள்விகளிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக் கணக்கை ஒளிக்காமல் முன்வைத்து, தவணை குறித்துக் கொடுங்கள். கற்ற கைத்தொழிலை மட்டும் தகரத்தில் இட்டு மூட விடாதீர்கள்.