மூடி எகிறவில்லை

சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகிற சாலையோரம் ஒரு ஒர்க்‌ஷாப். தகரக் கூரையின் நிழலில் 2009 மாடல் இண்டிகா, டீசல் வண்டி. மீட்டரில் 3,12,000 கிலோமீட்டர். பின்சீட்டை மடித்துவிட்டு மிளகு மூட்டை ஏற்றுகிற வண்டி. இடுக்கெல்லாம் மிளகு மணி.

வண்டிக்காரர் செம்மேட்டுப் பெரியவர். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. முதல் கியரும் ரெண்டாவது கியருமாக மாற்றி மாற்றி ஏறவேண்டும். எதிரே பஸ் வந்தால் நடு ஏற்றத்தில் நின்று, அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து மறுபடி நகர்த்தவேண்டும். சமவெளியில் ஓடுகிற வண்டிக்கான கணக்கு இதற்குப் பொருந்தாது.

"ஆக்சிலேட்டர் குடுத்தா இஞ்சின் கத்துது, வண்டி இழுக்கல தம்பி. பாதி மலை ஏறினதும் கருகற வாசம்."

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். நாலாவது கியர். லேசாக ரேஸ் கொடுத்தபடி கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். கிளட்ச் பிளேட்டு பிடித்தால் இஞ்சின் அந்த இடத்திலேயே அணையவேண்டும். அணையவில்லை, கத்திக்கொண்டே இருந்தது. சட்டென்று சாவியைத் திருப்பினார். இந்தச் சோதனையை நீட்டினால் மிச்ச லைனிங்கும் போய்விடும்.

"பிளேட்டு முடிஞ்சுதுங்கய்யா."

கூட வந்த மகன் முந்திக்கொண்டான். "இனியும் இதுல காசு போடணுமாப்பா? எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு வேற பாக்கலாம்."

அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. சாமானும் கூலியும் பத்தாயிரத்தைத் தொடும். இந்த வயது வண்டிக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. பெரியவர் பதில் சொல்லாமல் மெக்கானிக்கைப் பார்த்தார்.

மெக்கானிக் விலை பேசவில்லை. இஞ்சினை மறுபடி ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அதே துளையின்மேல் கவிழ்த்து வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி மூடியைத் தூக்கித் தூக்கிப் போடும். மூவரும் குனிந்தார்கள். மூடி லேசாக அதிர்ந்தது, எகிறவில்லை. சைலன்சரில் நீலப் புகை இல்லை. பிறகு சாக்கை விரித்து அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் அடித்தகட்டை இடம் இடமாகக் குத்தினார். டங், டங். பின்சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மங்கியது. அங்கே விரலால் தடவி, துருவைச் சுரண்டிப் பார்த்தார்.

புது பிளேட்டு எந்த இஞ்சினோடு, எந்த பாடியோடு சேரப்போகிறது என்று பார்க்காமல் விலை சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். இவரை நம்பலாம்.

"இஞ்சின் நல்லாருக்குதுங்க. ஒரு இடத்துல துரு, பட்டை வெச்சு வெல்டு அடிச்சுக்கலாம். ஆர்சி எப்படிங்க?"

"புதுப்பிச்சாச்சு. பசுமை வரியும் கட்டியாச்சு. 2029 வரைக்கும் இருக்குது."

"அப்பப் போடலாங்க. பிளேட்டு மட்டும் வேண்டாம், செட்டா மாத்திருவோம்."

கூலியில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான். பழைய பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்படியே விட்டு, அவை பிறகு மக்கர் பண்ணினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்கவேண்டும். கிராங்க் ஆயில் சீலையும் இப்போதே பார்த்துவிடவேண்டும். அது கசிந்தால் புது லைனிங்கில் ஆயில் பட்டு மறுபடி வழுக்கும்.

"நாளைக்கு வேற ஏதாச்சும் போனா?" மகன் விடவில்லை.

"போகும் தம்பி. டயர் போகும், பேட்டரி போகும். புது வண்டி வாங்குனாலும் அதெல்லாம் உண்டு. இஞ்சின் வேலைன்னு வந்தா நானே சொல்றேன், அன்னிக்கு நிறுத்திக்கலாம்."

பெரியவர் சட்டையின் உள்பையிலிருந்து பணத்தை எடுத்தார். "மாசியில மிளகு இறக்கணும். அதுக்குள்ள வண்டி வேணும் தம்பி."

மெக்கானிக் எழுதிய சீட்டை மகன் வாங்கிப் படித்தான். "இந்த சீலு நாமக்கல்லயே கிடைக்குமாண்ணே?"

"கிடைக்கும். பில்லு போட்டு வாங்கு, டூப்ளிகேட்டைத் தலையில கட்டிருவாங்க."