ரேங்க் லிஸ்ட்டில் காத்திருக்கும் தங்கைகளுக்கு

காலை ஏழு மணி, திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். பக்கத்தில் ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் ஃபைல். பி.எட்., கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) சான்றிதழ்களை மூன்றாவது முறையாக எடுத்துப் பார்க்கிறாள். பட்டம் பகுதியிலுள்ள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) ஆபீசுக்குப் போகிறாளாம்.

என் நாட்கள் கண்முன் வந்தன. கேரளத்தில் அரசுப் பள்ளி வேலைக்கு பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்ட்தான் வழி. எல்.பி. (கீழ்த் தொடக்கநிலை), யு.பி. (மேல் தொடக்கநிலை) ஆசிரியர்களுக்கு மாவட்டவாரியாகப் பட்டியல். அதன் ஆயுள் பொதுவாக 3 ஆண்டுகளைத் தாண்டாது. அதற்குள் அழைப்பு வராவிட்டால் மறுபடியும் தேர்வு. இன்னொரு வழி எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி. அங்கே சம்பளம் அரசு தரும். நியமனம் நிர்வாகத்தின் கையில்.

காத்திருந்த வருஷங்களில் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். சுண்ணாம்புக்கட்டி கையை விட்டுப் போகவில்லை.

தங்கைகளே, காலியிடம் குறைவென்றால் உங்கள் தகுதி குறைந்துவிடாது. பாடம் நடத்துவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.